தம்பி பிள்ளை அமெரிக்காவில் பிறக்கப்போகிறது. அதற்கு எந்த நாட்டுப் பிரஜாவுரிமை?

நோர்வூட் கொமினிகேஷன் அக்கா
2025 டிசம்பர் 13, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் நோர்வூட் டவுனில் ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், லெமினேட், ரீலோட், படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். பன்னிரண்டு வருஷமாக ஊரார் சான்றிதழ்களோடுதான் வாழ்க்கை. ஆனால் சொந்த வீட்டில் ஒரு கேள்வி வந்தபோது பதில் தெரியவில்லை. அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

என் தம்பி நியூ ஜெர்சியில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை, எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசா. அவன் மனைவி எச்-4 விசாவில் கூடப் போனவள், அவளும் நம்ம பக்கம்தான், கொட்டகலை. பெப்ரவரியில் பிள்ளை கிடைக்க நாள் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் என்றால் அங்கே பிறந்த பிள்ளை அமெரிக்கப் பிரஜை, அதில் பேச்சே இல்லை. இந்த வருஷம் ஜனவரி 20, டிரம்ப் பதவி ஏற்ற அன்றைக்கே ஒரு உத்தரவில் கையெழுத்துப் போட்டார். தாய் அங்கே சட்டப்படி இல்லாதவர், அல்லது படிப்பு விசா, வேலை விசா, சுற்றுலா விசா என்று தற்காலிகமாக இருப்பவர். தகப்பனும் பிரஜை இல்லை, கிரீன் கார்டும் இல்லை. அப்படியென்றால் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை கிடையாது என்பது அதன் சாரம். அளவெடுத்துத் தைத்த மாதிரி தம்பி குடும்பத்துக்குப் பொருந்துகிறது. நீதிமன்றங்கள் உத்தரவைத் தடுத்து வைத்திருக்கின்றன. இந்த மாதம் 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்திருக்கிறது.

போன சனிக்கிழமை வீடியோ கோலில் தம்பி இதைச் சொன்னபோது அக்கா புருஷன் மச்சானும் பக்கத்தில் இருந்தார். த்ரீவீல் ஓட்டுகிறவர், நியூஸ் கேட்காத நேரமே கிடையாது. “வேலைக்குப் போன எடத்துல பிள்ள பெத்துட்டா நாட்டையே குடுக்கணுமா? அவன் நாடு, அவன் சட்டம்” என்றார். தம்பி முகம் சுருங்கிப் போய் ஃபோனை வைத்துவிட்டான். எனக்கும் மச்சானுக்கும் வாய்த்தகராறு. அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்து, அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். “ஒங்க தாத்தாவையும் இதே பேச்சுத்தான் பேசுனாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆட்களை 1948இல் பிரஜை இல்லை என்று ஆக்கியதால், பிறகு எழுதி வாங்க வேண்டியிருந்த தாள் அது. அதை நான் முதல் தடவை பார்க்கவில்லை. நாலாக மடித்தது, மடிப்பில் கிழிந்தது, கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டி அந்த டேப்பும் சாயத் தண்ணி நிறத்துக்குப் பழுத்துவிட்டது. அதற்கு மேலே லெமினேட் வேறு. அதைப் பண்ணியவள் நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில். ஓரத்தில் தாத்தாவும் பாட்டியும் விறைப்பாக நிற்கிற போட்டோ. கீழே கூடப் பதிந்த பிள்ளைகளின் பெயர்கள், நாலு. வீட்டில் பிறந்தது ஐந்து. மூத்த அத்தைக்கு அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதால் அவர்களுக்கு வேறு படிவம். அவர்கள் இந்தியாவுக்கு எழுதி, தலைமன்னாரில் கப்பலேறி, கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்), ஒரே மருத்துவச்சி கையில் பிறந்த ஐந்து பேரில் நாலு பேர் இலங்கை, ஒருவர் இந்தியா.

என் கேள்வி இதுதான். பிள்ளைக்கு அமெரிக்கா இல்லை என்று ஆகிவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை தானாக வருமா, எழுதிக் கேட்க வேண்டுமா? அப்புறம், மச்சான் சொன்னது நியாயமா? சட்டம் தெரிந்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள். சண்டை பிடிக்கிறவர்களும் வரலாம், மச்சானுக்குக் காட்ட வேண்டும்.

டிக்கோயாவிலிருந்து டல்லஸ்
டிசம்பர் 14, காலை 6.15

அக்கா, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், எனக்கும் மகள் இங்கேதான் பிறந்தாள்.

இப்போதைக்கு டிரம்பின் உத்தரவு நடைமுறையில் இல்லை. பிள்ளைகள் எல்லாருக்காகவும் சேர்த்துப் போட்ட வழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்றம் ஜூலையில் கொடுத்த தடை இன்னும் அமலில் இருக்கிறது. ஆகவே பெப்ரவரியில் பிறந்தால், பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் தம்பி அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குப் போட்டுவிட வேண்டும், ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. தீர்ப்பு ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்துக்குள் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இலங்கைப் பக்கம் தானாக வராது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும், வாஷிங்டனிலோ லொஸ் ஏஞ்சல்ஸிலோ. வருஷம் தாண்டினால் அமைச்சின் அனுமதி அது இதென்று இழுக்கும். பிள்ளையின் சான்றிதழ், தாய் தகப்பன் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தாள் தேடுவது நரகம்.

பதுளைக்காரன்
டிசம்பர் 14, காலை 10.02

தங்கச்சி, நான் உங்கள் மச்சான் கட்சி. திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் கேளுங்கள்.

பிறந்த மண் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரஜாவுரிமை கொடுக்கிற நாடுகள் பெரும்பாலும் வட, தென் அமெரிக்காக் கண்டங்களில்தான். மற்ற இடங்களில் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள். பிரிட்டன் 1983இல் நிறுத்தியது. ஆஸ்திரேலியா 1986இல். அயர்லாந்து 2004இல் மக்களிடமே வாக்குக் கேட்டு நிறுத்தியது. நாம் தாய்நாடு என்று சொல்லிக்கொள்கிற இந்தியாவிலும் 1987 ஜூலை 1 முதல் தாயோ தகப்பனோ ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து, மற்றவரும் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. இவர்கள் எல்லாரும் கொடுங்கோலர்களா?

அப்புறம், நம்ம கதையையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நம்ம ஆட்களைக் கங்காணி வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தான் வெள்ளைக்காரன். காடு வெட்டி, கோப்பி போட்டு, கோப்பி செத்த பிறகு தேயிலை போட்டு, நாலு தலைமுறை இங்கேயே செத்தார்கள். உங்கள் தம்பி மூன்று வருஷ விசாவில் போனவர். விசா முடிந்தால் திரும்பி வர வேண்டிய ஊர் அது. அவருக்கு வர ஒரு நாடு இருக்கிறது, பிள்ளைக்கும் இருக்கிறது. தாத்தாவுக்கு எதுவும் இருக்கவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் தாத்தா பட்டதற்குத்தான் மரியாதைக் குறைவு.

நானும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. பிரிட்டனில் வேறு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: அங்கே பிறந்து முதல் பத்து வருஷம் அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, தாய் தகப்பன் யாராக இருந்தாலும், பிரஜாவுரிமை கேட்க உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவிலும் பத்து வருஷம். ஜெர்மனியில் தாயோ தகப்பனோ ஐந்து வருஷம் சட்டப்படி இருந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதியும் வைத்திருந்தால் போதும். வேர் பிடித்த பிள்ளைக்குக் கொடு, விமானத்தில் வந்து பெற்றுக்கொண்டு போகிறவனுக்குக் கொடுக்காதே. இதில் என்ன அநியாயம்?

ஓய்வுபெற்ற வாத்தியார், தலவாக்கலை
டிசம்பர் 14, மாலை 4.30

பதுளைத் தம்பி நியாயமாகப் பேசுகிறார். வாசித்துவிட்டுத்தான் பேசுகிறார், அதுவே இந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனாலும் மறுத்துச் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது. அது என்னுடையது.

என் தாத்தா தமிழ்நாட்டில் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர். அப்பா 1920இல் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தார். நான் 1953இல் அதே தோட்டத்தில், அப்பா பிறந்த காம்பராவுக்கு ஆறு காம்பரா தள்ளிப் பிறந்தேன். ஆக, இந்த மண்ணில் பிறந்த இரண்டாவது தலைமுறை நான். எனக்கு நாடு கிடைத்தபோது எனக்கு 22 வயது.

ஏன் என்றால் இதுதான் கணக்கு. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் திகதிக்கு முன் இங்கே பிறந்தவர் என்றால் நீ பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற தாத்தாவும், அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். என் தாத்தா முசிறி. ஆகவே அப்பா தோல்வி. அந்தத் திகதிக்குப் பின் பிறந்தவர் என்றால் பிறக்கும்போது தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். அப்பா தோல்வி, ஆகவே நானும் தோல்வி. நான் செய்த குற்றம், அப்பாவுக்குப் பிறந்தது. நாட்டுப்புறத்துச் சிங்கள விவசாயி எத்தனை பேரிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? ஒருவரிடமும் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷமே, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கம். விண்ணப்பித்துப் பெறலாம் என்றார்கள். கல்யாணம் ஆனவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருஷம், ஆகாதவர் பத்து வருஷம் தொடர்ச்சியாக இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போய் நின்றிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. அப்பா எங்கும் போகவில்லை. ஆனால் 1941இல் தோட்டம் மாறியிருந்தார். பழைய தோட்டத்து செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்கள் பெயர்ப் பதிவேட்டை, கறையான் தின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு ஆதாரம் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இறங்காத மனிதனைப் பார்த்து, அந்த இரண்டு வருஷம் நீ இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். நிராகரிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. தோட்டத்துக் கிளார்க்கர்தான் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, அப்பாவுக்கு ஒரு சுருட்டு கொடுத்தாராம்.

இப்படி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. வாக்கும் 1949இல் போனது. 1947 தேர்தலில் நம்ம ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதி வென்றது. அதுதான் பலருக்கும் உறுத்தியது என்பது என் எண்ணம். இதை எதிர்த்துப் போட்ட வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. பிறகு 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம்: 9 லட்சத்து 75 ஆயிரம் பேர், 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தீபாவளிக்கு ஆடு பங்கு போடுகிறவனாவது ஆட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்பான்.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். அவர்களுடைய விதி 1868இல் வந்தது, அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். அடிமைகளாக இருந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் இனி எந்த நீதிமன்றமும் ‘நீ பிரஜை இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சீனக் குடும்பத்தில் வொங் கிம் ஆர்க் என்ற பிள்ளை பிறந்தது. வளர்ந்து சமையல் வேலை பார்த்தார். சீனாவுக்குப் போய் 1895இல் திரும்பியபோது, நீ அமெரிக்கன் இல்லை என்று மாதக்கணக்கில் கப்பலிலேயே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் சீனர் அமெரிக்கப் பிரஜையாகவே முடியாது, சட்டமே தடை. அவர் தாய் தகப்பன் எந்தத் தாளைக் காட்டியும் பயனில்லை. 1898இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்று தீர்த்தது: இங்கே பிறந்தாய், நீ பிரஜை. என் அப்பா 1920இல் தலவாக்கலைக்குப் பதில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்திருந்தால் கறையானைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

தம்பி சொன்ன பத்து வருஷ விதி நல்ல விதி. அது 1948இல் இங்கே இருந்திருந்தால் போதும், நான் 1963இல் பிரஜை. ஆனால் ஒரு விதியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் எதுவும் வைக்காமல் போவதற்கும், பிரிட்டன் செய்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. டிரம்பின் உத்தரவில் பத்து வருஷமும் இல்லை, ஐந்து வருஷமும் இல்லை. எங்கே போய் முடியும் என்று பார்க்க டொமினிக்கன் குடியரசைப் பாருங்கள். கரும்பு வெட்ட ஹெய்ட்டியிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். நம்ம லயம் மாதிரியே வரிசைக் குடியிருப்பு. 2013இல் அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம், 1929 வரை பின்னோக்கிப் போய், அவர்கள் வழிவந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமை செல்லாது என்றது. அங்கேயே பிறந்து கிழவராகிப் போனவர்கள் அந்த ஒரு தீர்ப்பில் அந்நியரானார்கள். கரும்பு என்று இருக்கிற இடத்தில் தேயிலை என்று வாசித்துக்கொள்ளலாம்.

மண்டபத்துப் பிள்ளை
டிசம்பர் 14, இரவு 8.50

சேர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். செக்ரோல் இடம் வந்ததும் சிரித்தார், ஏன் என்று தெரியவில்லை.

நான் எதிர்ப்பக்கக் கதை. எங்கள் ஆட்கள் 77 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போனவர்கள். 90இல் அங்கிருந்து படகில் ராமேஸ்வரம். நான் 1991இல் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தேன். பதுளை அண்ணன் சொன்ன அந்த 1987 ஜூலை இருக்கிறதே, நான் அதற்கு நாலு வருஷம் லேட். பள்ளிக்கூடத்தில் ஜன கண மன பாடுவேன், முதல் வரிசையில் நிறுத்துவார்கள், குரல் நல்லா இருக்கும். பிளஸ் டூ முடித்து அப்ளிகேஷன் போட்டால் ‘நேஷனாலிட்டி’ என்ற இடத்தில் என்ன எழுதுவது? இந்தியா என்று எழுதினால் பொய். இலங்கை என்று எழுத, இலங்கைப் பக்கம் பதிவே இல்லை. அப்பா அம்மா பேரிலேயே ஒழுங்கான தாள் இல்லாதபோது எனக்கு எங்கிருந்து வரும்? அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

2003இல் வந்த சட்டத்தில், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் இருக்கிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை என்றார்கள். சில நாட்களில் ஒரு லட்சத்து 90 ஆயிரம் பேருக்குக் கொடுத்தார்கள். நாங்கள் அக்கரையில் இருந்ததால் எங்களுக்கு இல்லை. எங்களையும் சேர்க்க 2009இல் திருத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் சென்னையில் துணைத் தூதரகத்தில் வரிசையில் நின்று எனக்கும் பதிவு ஆனது. இப்போது மஸ்கெலியாவில் இருக்கிறேன்.

பதுளை அண்ணன், நான் இந்தியாவில் வேர் பிடித்த பிள்ளைதான். இருபது வருஷத்துக்கு மேல். பிடித்த வேரை அளக்க அங்கே யாரிடமும் கோல் இருக்கவில்லை.

நோர்வூட் கொமினிகேஷன் அக்கா
டிசம்பர் 15, இரவு 10.20

எல்லாவற்றையும் வாசித்தேன். பகலில் கடையில் ஆள், அதனால் இப்போதுதான் எழுத முடிகிறது. டல்லஸ் தம்பி சொன்னதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

பதுளை அண்ணன், உங்கள் பதிலை மச்சானுக்கு வாசித்தேன், அவர் இன்றைக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் பேசுகிறார், நன்றி. தம்பியையும் தாத்தாவையும் ஒன்றாக்காதே என்கிறீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். தம்பி கெட்டுப்போக மாட்டான். அவனிடம் டிகிரி இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, வக்கீல் வைக்கலாம். நான் யோசிப்பது வேறு இடத்தில்.

இன்றைக்குக் காலையில் கடைக்கு ஒரு அம்மா வந்தார். மகனுக்கு ஐசி, அதாவது அடையாள அட்டை எடுக்க வேண்டும், ஓ.எல். எழுதப் போகிறான். பையனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ‘ராமையா’. தகப்பனின் ஐசியில் ‘இராமையா’. கல்யாணச் சான்றிதழில் ‘ராமய்யா’. மூன்றும் ஒரே ஆள் என்று கிராம சேவகர் கடிதம் வேண்டும், சத்தியக்கடதாசி வேண்டும், அதற்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஹட்டனுக்குப் போக வேண்டும். அந்த அம்மாவுக்கு இது மூன்றாவது நடை. அவர் செய்த தப்பு என்ன? யாரோ ஒரு பதிவாளர் காதில் விழுந்ததை எழுதினார். இப்படி நாளைக்கு நாலு பேராவது வருகிறார்கள். யாரும் நாடற்றவர் இல்லை, எல்லாரும் முழுப் பிரஜைகள். அப்படி இருந்தும் இந்தப் பாடு.

என் தம்பிக்கே நடந்தது. முதல் தடவை பாஸ்போர்ட் எடுக்க ராத்திரி பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனான், ஒரு அலுவலகத்தில் விடியற்காலை வரிசை. முறை வந்தபோது கவுண்டரில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தோட்டமா? அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எங்கே?” என்றார். அப்பாவுக்குத் தனியாகக் கிடையாது, தாத்தாவின் சான்றிதழில் பிள்ளையாகப் பெயர் இருக்கிறது. அதைக் கொண்டுவரச் சொன்னார். மறுபடி ஹட்டன், மறுபடி ராத்திரி பஸ். கொண்டுபோனால், லெமினேட் பண்ணியிருக்கிறது, ஒரிஜினலா கொப்பியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் பண்ணிய லெமினேட்! அவனுக்குப் பக்கத்துக் கவுண்டரில் அதே வயதுப் பையன் ஒருவன், வேறு ஊர், பிறப்புச் சான்றிதழை மட்டும் நீட்டி வேலையை முடித்துக்கொண்டு போனான். தம்பி அதைச் சொல்லும்போது கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அமெரிக்காவில் இன்றுவரை ஒரு தாள் போதும். இந்த ஊரில், இந்தத் திகதியில் பிறந்தது, அவ்வளவுதான். தாய் தகப்பன் எந்த நாட்டார் என்று பார்த்துப் பிள்ளையின் பிரஜாவுரிமையை முடிவு செய்வதில்லை. அந்த உத்தரவு செல்லும் என்று ஆகிவிட்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயின் தாள், தகப்பனின் தாள், தாள் அன்றைக்குச் செல்லுபடியா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்காரன் பிள்ளையை மட்டும் தனியாகப் பார்க்க முடியாது, ஏனென்றால் யார் வெளிநாட்டுக்காரன் என்பதே தாளைப் பார்த்தால்தான் தெரியும். சேர் சொன்ன மாதிரி எல்லாரிடமும் கேட்பார்களா, முகத்தைப் பார்த்துச் சிலரிடம் கேட்பார்களா? எங்கள் தம்பியிடம் கேட்டார்கள். பக்கத்துக் கவுண்டரில் கேட்கவில்லை.

தகப்பன் பெயரே எழுத முடியாத பிள்ளைகள் வேறு. குவைத்துக்கும் சவுதிக்கும் போய், கையில் குழந்தையோடு திரும்பிய பெண்கள் நம்ம தோட்டங்களில் இல்லையா? 2003இல் சட்டத்தைத் திருத்தும் வரை, கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைத் தாயால் பிரஜாவுரிமையைக் கொடுக்க முடியாது, தகப்பன் வழி மட்டும்தான். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழைய கேஸ்கள் கடைக்கு வந்திருக்கின்றன. அந்தப் படிவங்களில் ‘தகப்பனின் பிரஜாவுரிமை’ என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தப் பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

பதுளைக்காரன்
டிசம்பர் 16, காலை 7.45

தங்கச்சி, தாள் விஷயம் எனக்கு உறைக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. என் மகளின் சான்றிதழிலும் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தித் திருத்தி ஓய்ந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், வாத்தியாரும் பதில் சொல்லலாம். போன வருஷம் டிசம்பரில் மியன்மாரின் ரொஹிங்யா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் படகில் முல்லைத்தீவில் கரை ஒதுங்கினார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள், பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு இங்கே பிறக்கிற பிள்ளை இலங்கைப் பிரஜை இல்லை. அதே 1948 சட்டம்தான், வம்சாவளி என்ற எலும்பு மாறவே இல்லை. அமெரிக்காக்காரனுக்குப் புத்தி சொல்கிற நாம், நம்ம எம்.பி.மாரிடம் இதை எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

ஓய்வுபெற்ற வாத்தியார், தலவாக்கலை
டிசம்பர் 16, மதியம் 1.10

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நமக்குக் கிடைத்ததெல்லாம் ஒவ்வொரு தடவையும் ‘இந்தக் கூட்டத்துக்கு மட்டும்’ என்று வந்த தனிச் சட்டங்கள்: 1986, 1988, 2003. சீன வம்சாவளியினருக்கு 2008இல் தனியாக ஒன்று. கூட்டம் கூட்டமாக விதிவிலக்குக் கொடுத்தார்கள், விதியை யாரும் தொடவில்லை. நாமும் கிடைத்தவரைக்கும் போதும் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டோம். தம்பி, நீங்கள் என் வகுப்பில் இருந்திருந்தால் கடைசி வாங்கில் உட்கார வைத்து, கேள்வி கேட்கிறவன் என்று திட்டியிருப்பேன்.

நோர்வூட் கொமினிகேஷன் அக்கா
டிசம்பர் 16, இரவு 9.05

தம்பி பேசினான். இரண்டும் செய்கிறானாம், அங்கே பாஸ்போர்ட்டும், இங்கே பதிவும். பிள்ளைக்கு இரண்டு பெயர் யோசித்து வைத்திருக்கிறார்கள், சொல்ல மாட்டேன் என்கிறான். எந்தப் பெயரானாலும் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற அதே எழுத்தைத் தூதரகத்திலும் கொடு, உன் பெயரை உன் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுது, ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். “கொமினிகேஷன் அக்கா மாதிரிப் பேசாத” என்றான்.

தாத்தாவின் சான்றிதழ் அவனுக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அம்மா விடவில்லை, ஸ்கேன் பண்ணி அனுப்பு, எதற்கும் இருக்கட்டும் என்றார். இன்றைக்குக் கடைக்குக் கொண்டுபோனேன். லெமினேட்டுக்குள் ஈரம் ஏறி, ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. ஸ்கேனரின் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டு, பிள்ளைகள் பெயர் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. நாலாவது பெயர் அப்பாவுடையது, அதுதான் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத பக்கமாக மச்சானைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஃபோனில் படம் எடுத்தேன்.

பழைய தாளைக் கிழிக்காமல் லெமினேட்டைப் பிரிக்க வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சூடு காட்டினால் வரும் என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.